நடுங்காத கைக்குச் சான்றிதழ் இல்லை

நாட்டில் அச்சத்திற்கு இடமில்லை என்று அரசு அறிவித்தது. அறிவித்த மறு வாரமே அச்சத்திற்கென்று ஓர் இடத்தையும் ஒதுக்கியது. மூன்று மாடிக் கட்டடம். உள்ளே நாற்காலிகள், நாற்காலிகளுக்கு எண்கள், எண்களைக் காக்க எழுத்தர்கள். பெயர், அச்ச மதிப்பீட்டு வாரியம். அஞ்சுவதற்கு எதுவுமே இல்லாத இந்நாட்டை விட்டு, அஞ்சி வெளியேறுகிறேன் என்று எவனாவது சொன்னால், அவனுடைய அச்சம் அசலா, போலியா, அளவு போதுமா என்று ஆராய்ந்து சான்றளிப்பது அதன் கடமை. சான்றிதழ் இல்லாமல் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் என்ன ஆகும் என்று கேட்டவர்களிடம், அஞ்சத்தக்க விளைவுகள் ஏற்படும் என்று அதே அரசு பதில் சொன்னது.

நான் பூட்டுக்காரன். கடைத்தெரு முனையில் என் கடை. பூட்டு விற்பேன், பொருத்துவேன், சாவியைத் தொலைத்தவர்களுக்குக் கம்பியால் திறந்தும் கொடுப்பேன். ஊர் நிம்மதியாக உறங்கிய காலத்தில் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தவன், தடிக்கூட்டம் தலையெடுத்த பிறகு மூச்சுவிட நேரமில்லாத முதலாளி ஆனேன். அவர்கள் மோட்டார் சைக்கிளில் வருவார்கள். இரும்புத் தடியால் கதவுகளை இடித்துக்கொண்டே போவார்கள். எந்த வீட்டார் ஊரை விட்டு ஒழிய வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றுகிறதோ, அந்த வீட்டுக் கதவில் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் போடுவார்கள். ஏன் இந்த வீடு என்று கேட்டால், வட்டம் போட்டிருக்கிறதே, தெரியவில்லையா என்பார்கள். வட்டத்தின் குறுக்கே ஒரு கோடு விழுந்தால் தவணை முடிந்தது என்று பொருள். எதிர்வீட்டுத் தையற்காரர் கதவில் கோடு விழுந்தது. மறுநாள் அங்கே கதவும் இல்லை, வீடும் இல்லை, கரிதான் இருந்தது. தையற்காரர் குடும்பம் என்ன ஆயிற்று என்று எவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அன்று கடையில் நல்ல கூட்டம்.

ஊர் நடுங்கினால் என் உலை கொதிக்கும் என்னும் உயர்ந்த பொருளாதாரத்தில் நான் இவ்வாறு செழித்துக்கொண்டிருந்தபோது, ஒரு காலையில் என் வீட்டுக் கதவிலும் வட்டம் தோன்றியது.

"எவனோ கிறுக்கன் கிறுக்கிட்டுப் போயிருக்கான்," என்றேன் மனைவியிடம். "நம்ம கதவுல ஏழு பூட்டு இருக்கும்மா. எவன் வருவான்?"

"ஏழு பூட்டும் கதவுல இருக்குங்க. கதவு மரத்துல இருக்கு," என்றாள் அவள்.

 இதற்குப் பூட்டு வியாபாரிகள் சங்கத்திடமும் பதில் இருந்திருக்காது. அதற்குமேல் என்னைப் பேசவிடாமல் செய்தவள் என் மகள். எட்டு வயது. பள்ளிக்கூட ஷூவைப் போட்டுக்கொண்டே படுக்கத் தொடங்கியிருந்தாள். கழற்றச் சொன்னேன்.

"ஓடணும்னா லேஸ் கட்ட நேரம் இருக்காதுப்பா," என்றாள், வீட்டுப்பாடம் ஒப்பிக்கும் குரலில்.

மனைவியின் தம்பி கடல் கடந்த நாட்டில் இருந்தான். வந்துவிடுங்கள், இங்கே எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டேன், எல்லையைத் தாண்டினால் போதும் என்று சொல்லியனுப்பினான். எல்லையைத் தாண்டச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு நான் அஞ்ச வேண்டும். இவ்வளவுதானே என்று நினைத்தேன். அச்சம் என்பது எந்த மூடனுக்கும் இயல்பாக வருவது என்று நம்பிய மூடன் நான்.

முதல் நாள் வாரியத்தில் ஓர் எழுத்தர் என்னை விசாரித்தார். மேசையில் கிடந்த என் விண்ணப்பத்தைப் பேனாவின் பின்பக்கத்தால் தள்ளிப் பார்த்தார், செத்த பல்லியைத் தள்ளுவதுபோல்.

"வீட்டுக் கதவுக்குப் பூட்டு உண்டா?"

"ஏழு இருக்குங்க ஐயா."

"ஏழா?" எழுத்தர் நிமிர்ந்தார். "ஏங்க, எங்க வீட்டுலயே ஒன்னுதான். ஏழு பூட்டு போட்ட வீட்டுல இருந்துக்கிட்டு பயம்னு சொல்றீங்களே, மனசாட்சி இருக்கா? ஊர்லயே பாதுகாப்பான ஆளு நீங்கதான்."

'பாதுகாப்பு மிகுதி, எனவே அச்சம் இன்மை' என்று எழுதி நிராகரித்தார்.

வீட்டிற்கு வந்து ஏழு பூட்டுகளையும் கழற்றினேன். ஆய்வுக்கு வந்த வாரிய அளவையாளர், திறந்து கிடந்த கதவைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். அவர் ஒல்லியானவர், அரசு கொடுத்த தோல்பையும் அரசு கொடுத்த முகமும் வைத்திருந்தார்.

"ஒரு தாழ்ப்பாள்கூட இல்லையே!" என்று வியந்தார். "பயந்தவன் வீடு இப்படியாங்க இருக்கும்? எனக்கெல்லாம் இந்த வீட்டுல ஒரு பொழுது தங்கச் சொன்னா உயிரே போயிடும். பெரிய தைரியசாலிங்க நீங்க."

"பூட்டையெல்லாம் நீங்க சொல்லித்தானே கழட்டினேன்?"

"நாங்க கழட்டச் சொல்லலையே. பூட்டு இருந்தா பயம் இல்லைன்னு மட்டும்தானே சொன்னோம்?" வட்டத்தைப் பார்த்தார். "இது என்ன, கோலமா?"

"மிரட்டல்."

"மிரட்டினவர் அதை எழுத்துல உறுதி செஞ்சிருக்காரா? இல்லையா? அப்ப இது சுண்ணாம்பு."

மிரட்டியவரிடமே மிரட்டல் உறுதிமொழி வாங்கிவர வேண்டும் என்பது விதி. நானும் வாங்கப் புறப்பட்டேன். இவ்விடத்தில் கற்றவர்கள் என்னைக் கண்டு சிரிக்கலாம். அச்சத்தை நிரூபிப்பதற்காக, எவரைக் கண்டு அஞ்சுகிறேனோ அவருடைய வீட்டு வாசலுக்கு, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, நெஞ்சு நிமிர்த்திப் போனவன் நான். அப்படிப் போனதே அச்சமின்மைக்குச் சான்றாகுமே என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. வாரியத்திற்குத் தோன்றியது.

தடிக்கூட்டத் தலைவன் என்னைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"வாங்கண்ணே! நானே கடைக்கு வரணும்னு இருந்தேன். வண்டிக்கு நல்ல பூட்டா ஒன்னு வேணும்ண்ணே. ஊர்ல திருட்டு பயம் ஜாஸ்தியா இருக்கு."

உறுதிமொழியைக் கேட்டேன். தலையைச் சொறிந்தான்.

"எங்க வீட்டு வட்டம் உங்க பசங்க போட்டதுதானே தம்பி? அதைத்தான் எழுதித் தரணும்," என்றேன்.

"பசங்கதாண்ணே. உங்க மேல எனக்குத் தனிப்பட்ட கோவம் எதுவும் இல்லை, தப்பா நெனைச்சுக்காதீங்க. நீங்க பாட்டுக்குக் கிளம்பிட்டா எனக்கும் ஒரு வேலை மிச்சம். எங்க கையெழுத்துப் போடணும்?"

தன் கையாலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டான். கிளம்பும் முன் அவனுடைய வண்டிக்குப் பூட்டும் பொருத்திக் கொடுத்துவிட்டு வந்தேன். பழக்கம்.

அளவையாளர் அதைப் படித்துவிட்டு முகம் சுளித்தார். "மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்குன்னு ஆரம்பிச்சிருக்காரு. மிரட்டறவங்க இப்படியா மரியாதையா எழுதுவாங்க? அவரு வீட்டுக்கே தைரியமாப் போய் வாங்கிட்டு வந்திருக்கீங்க, நீங்க ரெண்டு பேரும் நல்ல பழக்கம்போல இருக்கே!"

எஞ்சியிருந்தது நீர்க்கிண்ணச் சோதனை. விளிம்புவரை நீர் நிரப்பிய கிண்ணத்தைக் கையில் கொடுத்து, கூடத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடக்கச் சொல்வார்கள். பின்னாலேயே அளவையாளர் பஞ்சோடு வருவார். சிந்திய நீரைப் பஞ்சால் ஒற்றி, பிழிந்து, அளந்து, அச்சத்தின் அளவை அறிவிப்பார். உலக நாடுகள் எவையும் இந்த முறையைக் கண்டுபிடிக்கவில்லை என்று சுவரில் பெருமையாக எழுதி மாட்டியிருந்தார்கள்.

ஒரு சொட்டு நீர் சிந்தவில்லை.

நான் என்ன செய்வேன்? பூட்டுக்குள் கம்பியை விட்டு, கண்ணுக்குத் தெரியாத முள்ளை விரல் நுனியால் தேடிப் பிழைத்த கை இது. நெஞ்சு படபடத்தாலும் கை அசையாது. நெஞ்சு வேறு துறை, கை வேறு துறை. நல்ல அரசாங்கத்தில் இருப்பதுபோல் இரண்டிற்கும் இடையில் கடிதப் போக்குவரத்து கிடையாது. வேண்டுமென்றே கிண்ணத்தைச் சாய்த்தேன்.

"வேணும்னு கொட்டின தண்ணி கணக்குல வராது," என்றார் அளவையாளர். "தானா வரணும்."

அன்றுமுதல் வீட்டில் நடுக்கப் பயிற்சி தொடங்கியது. மனைவி ஆசிரியை, மகள் தேர்வாளர். நான் கிண்ணத்தோடு அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தேன்.

"குளிர்ல நடுங்கற மாதிரி இருக்கு. பயத்துல நடுங்குங்க," என்றாள் மனைவி.

"எப்படிப் பயப்படறது?"

"அதைப் போய் என்கிட்ட கேளுங்க! வண்டிச் சத்தம் கேட்டா என் கையில இருக்கிறது கீழ விழுது. அந்தக் கிண்ணத்தை என்கிட்ட குடுத்திருந்தா என்னிக்கோ ஊர் போய்ச் சேர்ந்திருக்கலாம்."

"அப்பாவுக்கு நடிப்பே வரலைம்மா," என்று மகள் தீர்ப்பளித்தாள். "இது ஃபெயில்."

மனைவி சொன்னதில் நியாயம் இருந்தது. அவளையும் மகளையும் அழைத்துக்கொண்டு வாரியத் தலைவரிடமே முறையிடப் போனேன். தலைவர் பருத்த உடலினர். மேசைமேல் ஒரு மணி வைத்திருந்தார். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் முற்றுப்புள்ளிக்குப் பதிலாக அதை ஒரு தட்டுத் தட்டுவார். ஆகவே அலுவலகத்தில் அவருக்கு மேசைமணி என்றே பெயர்.

"ஐயா, நான் நிஜமாவே பயப்படறேன். என்னைச் சோதிச்சுப் பாருங்க," என்றாள் மனைவி.

மேசைமணி அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "ஏம்ப்பா, உங்க வீட்டுல யாரு தலைவர்? நீதானே? தலைவருக்குப் பயம் இருந்தாத்தான் குடும்பத்துக்குப் பயம் இருக்கு. பொம்பளைங்க பயப்படறது இயற்கை, குழந்தைங்க பயப்படறது விளையாட்டு. ரெண்டையும் கணக்குல எடுத்தா நாடே காலியாயிடாதா?" மணி ஒலித்தது.

"அப்ப நாங்க எரிஞ்சா?" என்றாள் மனைவி.

"அது தீயணைப்புத் துறைம்மா." மணி.

பிறகு, நாங்கள் கேட்காமலே, அவர் எங்களுக்கு நிர்வாகத்தின் உட்பொருளை விளக்கினார். உண்மையைச் சொல்லிவிடுவோம் என்ற அச்சமே இல்லாத மனிதர்.

"இந்த வாரியம் ஆரம்பிச்சு இதுவரைக்கும் நாங்க குடுத்த சான்றிதழ் ஒன்னுகூட இல்லை. ஏன் தெரியுமா? ஒன்னு குடுத்தாலும் நாட்டுல பயம் இருக்குன்னு ஆயிடும். அரசு பொய் சொல்லுச்சுன்னு ஆகலாமா? சரி, எல்லாரையும் ஒரேயடியா முடியாதுன்னு அனுப்பிட்டா? வேலை முடிஞ்சுதுன்னு வாரியத்தை மூடிடுவாங்க. நாங்க எங்க போறது? அதனால குடுக்கறதும் இல்லை, முடிக்கறதும் இல்லை. திரும்ப வாங்கன்னு சொல்றோம். இதுக்குப் பேருதான்யா நிர்வாகம்." மணியை இருமுறை தட்டினார்.

இரண்டாவது மணியோசையோடு சேர்ந்து இன்னோர் ஓசையும் கேட்டது. வண்டிகள். தடிக்கூட்டம் அன்று கடைத்தெருவை முடித்துக்கொண்டு அரசுக் கட்டடங்களின் பக்கம் உலாப் புறப்பட்டிருந்தது. முதல் கல் சன்னலை உடைத்துக்கொண்டு வந்து, மேசைமேல் இருந்த மணியை உருட்டித் தள்ளியது.

அதன்பின் நடந்த வேகத்தை அந்த அலுவலகம் அதற்கு முன் எந்தக் கோப்பிலும் காட்டியதில்லை. மேசைமணி, எழுத்தர், அளவையாளர் மூவரும் ஒரே பாய்ச்சலில் ஆவண அறைக்குள் புகுந்து கதவை அறைந்து சாத்தினார்கள். அது சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் பூட்டு. வெளியிலிருந்து சாவி போட்டால்தான் திறக்கும். சாவி தலைவரின் மேசை இழுப்பறையில். இழுப்பறைச் சாவி தலைவரின் இடுப்பில். அப்படி ஒரு பூட்டைக் காற்றில்லாத அறைக்குப் போடாதீர்கள் என்று பொருத்தும்போதே சொன்னேன். பொருத்தியவன் நான்தான்.

மனைவி மகளை இழுத்துக்கொண்டு மேசைக்கடியில் பதுங்கினாள். கற்கள் விழுந்துகொண்டிருந்தன. உள்ளிருந்து குரல்கள்.

"யோவ் பூட்டு! பூட்டுக்காரரே! மூச்சு முட்டுதுய்யா!"

"திறங்க சாமி! உங்க காலைத் தொட்டுக் கும்பிடறேன்!" இது அளவையாளர்.

இந்த இடத்தில் நான் நினைத்திருக்க வேண்டியவை பல உண்டு. நாளை வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். மூச்சுத் திணறலை எழுத்தில் உறுதி செய்யச் சொல்லியிருக்கலாம். இவை எல்லாம் எனக்கு மறுநாள்தான் தோன்றின. அப்போதோ, பூட்டைக் கண்ட கை தானே பையிலிருந்து கம்பியை எடுத்தது. தலைக்கு மேலே கண்ணாடி நொறுங்கியது. நெஞ்சு வாய்வரை வந்து துடித்தது. கை மட்டும் தன் துறையில் அமைதியாக வேலை பார்த்தது. கதவு திறந்தது. வண்டிகளின் ஓசையும் தேய்ந்தது.

வியர்வையில் குளித்து வெளியே விழுந்த மேசைமணி, எழுந்ததும் முதலில் தேடியது மணியை. அது கிடைக்கவில்லை. ஆகவே மேசையைக் கையால் தட்டினார்.

"பதிவு பண்ணுங்க. கல்லு விழற நேரத்துல விண்ணப்பதாரர் ஒரே கம்பியில பூட்டைத் திறந்தாரு. கை நடுங்கலை. அச்சம் அறவே இல்லை. விண்ணப்பம் இறுதியா நிராகரிக்கப்படுது."

"அடப்பாவி மனுசா!" என்று மேசைக்கடியிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"அப்பா, நீ ரொம்ப நல்லா ஃபெயில் ஆயிட்ட," என்றாள் மகள்.

மறுநாள் காலை வீட்டு வாசலில் ஓர் அரசு ஊழியன் ஆணையோடு நின்றான். முந்தைய நாள் மாலையே வாரியத்தார் மூவரும் தங்களுக்குத் தாங்களே நீர்க்கிண்ணச் சோதனை நடத்திக்கொண்டார்களாம். கிண்ணத்தில் ஒரு சொட்டும் மிஞ்சவில்லை. மூவரும் உயர்தர அச்சமுடையோர் என்று சான்று பெற்று, குடும்பத்தோடு எல்லையைக் கடந்துவிட்டார்கள். காலியான நாற்காலிக்கு அஞ்சாத ஒருவர் தேவை. அச்சமின்மை அதிகாரப்பூர்வமாக நிறுவப்பட்ட ஒரே குடிமகன் நான். ஆகவே நானே பொறுப்பு அலுவலர்.

"போகாதீங்க," என்றாள் மனைவி.

"போய் நமக்கு ஒரு சான்றிதழ் அடிச்சுக்கிட்டு வந்துடறேன்," என்றேன்.

போன பிறகுதான் விதியைப் படித்தேன். அலுவலர் தமக்குத் தாமே சான்றளித்துக்கொள்ளக் கூடாது. மூவரும் ஒருவருக்கொருவர் அளித்துக்கொண்டார்கள். நானோ தனியன்.

வெளியே வரிசை தெருமுனை வரை நின்றது. சரி, நமக்கில்லாவிட்டாலும் நாட்டுக்காவது ஆகட்டும் என்று முத்திரையை எடுத்தேன். பயம் உண்டா, உண்டு, முத்திரை. பயம் உண்டா, உண்டு, முத்திரை. கை நடுங்காததால் ஒவ்வொரு முத்திரையும் அச்சுக் கோத்ததுபோல் விழுந்தது. நற்பணிதான். ஆயினும் நாற்காலியின் குணத்தை என்னவென்று சொல்வேன்! நண்பகலுக்குள் நான் முதுகைச் சாய்த்துக்கொண்டேன். குப்பையில் கிடந்த மணியைத் துடைத்து மேசையில் வைத்தேன். நிமிர்ந்து பார்க்காமலே கேள்வி கேட்கக் கற்றுக்கொண்டேன். அஞ்சி ஓட வந்தவன், ஒரே பொழுதில், அஞ்சத்தக்கவன் ஆகிக்கொண்டிருந்தேன்.

மாலையில், குனிந்த தலையோடு, "அடுத்து!" என்று மணியைத் தட்டினேன். "குடும்பத் தலைவர் யாரு?"

"நான்தான்," என்றது ஒரு குரல். "வீட்டுல எல்லாருக்கும் தெரியும். ஆபீஸுக்குத்தான் இன்னும் தெரியலை."

நிமிர்ந்தேன். மனைவி. ஒரு கையில் பை, மறு கையில் மகள். காலையிலிருந்து வரிசையில் நின்றிருக்கிறாள்.

"சார்ந்திருக்கிறவங்க?" என்றேன்.

"ஒரு பொண்ணு. ஒரு புருசன்."

"கணவர் தொழில்?"

"பூட்டு வேலை. காலைலேர்ந்து புத்தி கெட்டுப் போய் வேற எங்கயோ உக்காந்திருக்காரு."

தலைவர் செல்லும் இடத்திற்குச் சார்ந்தோரும் செல்வர் என்று விதியில் இருந்தது. பெண் தலைவராகக் கூடாது என்று எங்கும் இல்லை. எழுதத் தேவை இருக்கும் என்று எவருக்கும் தோன்றவில்லை போலும். முறை தவறக் கூடாதே என்று நீர்க்கிண்ணத்தை நிரப்பி அவளிடம் நீட்டினேன். வாங்கினாள். ஒரே மூச்சில் குடித்துவிட்டு வெறுங்கிண்ணத்தை மேசைமேல் வைத்தாள்.

"நாள் பூரா நிக்கறேன். தாகம்."

கிண்ணம் காலி, எனவே அச்சம் முழுமை என்று எழுதினேன்.

"முத்திரையைக் குத்துங்க," என்றாள், முன்னால் குனிந்து, மகளுக்குக் கேட்காத குரலில். "காலைல நீங்க இந்தப் பக்கம் கிளம்பினீங்க. அந்தப் பக்கம் வட்டத்துல கோடு விழுந்துடுச்சு."

முத்திரையை எடுத்தேன். தாளின் மேல் கொண்டுபோனேன். அது தாளுக்கு மேலே நின்றுகொண்டு ஆடியது. இடக்கையால் வலக்கையைப் பிடித்தேன், இடக்கையும் ஆடியது. நெஞ்சும் கையும் கடைசியில் ஒரே துறை ஆகிவிட்டன.

"இப்ப நடுங்குது பாருங்க!" என்றாள் மனைவி. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "இந்த நடுக்கம் அன்னிக்கு எங்க போச்சு?"

மகள் எட்டி என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். முத்திரை விழுந்தது, கோணலாய், இருமுறை பதிந்து, கலங்கி.

முத்திரையை மேசைமேல் விட்டேன். கதவைத் திறந்தே விட்டேன். வரிசையில் மிஞ்சியவர்களிடம், "உள்ள போய் நீங்களே ஒருத்தருக்கொருத்தர் குத்திக்கோங்க," என்று சொல்லிவிட்டு நடந்தேன். வாழ்நாளில் நான் பூட்டாமல் வந்த முதல் கதவு அதுதான்.

எல்லைச் சாவடியில் காவலர் எங்கள் சான்றிதழை விளக்கில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முத்திரை ஏன் இப்படிக் கலங்கியிருக்கு?"

நான் வாயைத் திறக்குமுன் மனைவி சொன்னாள்: "போட்ட அதிகாரிக்குக் கை நடுங்கிடுச்சுங்க."

காவலர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். மகளின் காலில் இறுகக் கட்டியிருந்த ஷூவைப் பார்த்தார்.

"இன்னிக்கு வந்ததெல்லாம் பளிச்சுனு அச்சடிச்ச மாதிரி இருந்துச்சு. சந்தேகப்பட்டுக்கிட்டேதான் விட்டேன்," என்றார். "இதுதான் அசல். போங்க."

தடுப்புக் கம்பம் உயர்ந்தது. அப்புறத்தில் நின்ற பேருந்தில் ஏறி அமர்ந்தோம். மகள் கால்களை இருக்கைமேல் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"அப்பா, இனிமே லேஸை அவுக்கலாமா?"

நான் குடும்பத் தலைவரைப் பார்த்தேன். அவள் சன்னல் வழியே பின்னால் ஒருமுறை பார்த்தாள். பிறகு முன்னால் பார்த்தாள்.

"அவுத்துக்கோடி கண்ணு," என்றாள்.